ஐகான் போனதா, கோப்பே போனதா? டெஸ்க்டாப் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

திருப்பூர் பனியன் கம்பெனி அலுவலகங்களில் டெஸ்க்டாப் ஐகானை அழகுக்காக மாற்றுகிறவர்கள் குறைவு. ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டருக்கு ஒரு நிறம். சாம்பிள் நிலையில் மஞ்சள், கட்டிங் போனதும் நீலம், சரக்கு தூத்துக்குடிக்கு ஏறியதும் பச்சை. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் திரையைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி அலுவலகத்திலும், காங்கேயத்து அரிசி ஆலையிலும் இதே பழக்கத்தைச் சிறிய மாற்றங்களோடு பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஐகான் கெட்டுப்போனால் பதறுகிறார்கள். “ஏனுங்கண்ணா, எல்லாம் அழிந்துவிட்டது, உடனே வாருங்கள்” என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் எதுவுமே அழிந்திருப்பதில்லை.

கடையின் பெயர்ப்பலகை கீழே விழுந்ததால் கிடங்கில் உள்ள சரக்கு காணாமல் போய்விடாது. ஐகான் என்பது அந்தப் பலகைதான். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றே: விண்டோஸ் பொத்தானோடு ‘இ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, இடப்பக்கம் ‘டெஸ்க்டாப்’ என்பதைச் சொடுக்குங்கள். கோப்பு அங்கே இருந்து, திறக்கவும் செய்தால் அவசரமில்லை. நிதானமாகக் கீழே படிக்கலாம். திறக்கவில்லை என்றால் நேராகக் கடைசி இரண்டு அறிகுறிகளுக்குப் போங்கள்.

எதில் கைவைப்பதற்கு முன்பும் டாலி என்ற கணக்கு மென்பொருளின் தரவை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துவிடுங்கள். ‘ஒரே சொடுக்கில் எல்லாம் சரியாகும்’ என்று விளம்பரம் செய்யும் கிளீனர் மென்பொருள்கள் பக்கமே போகவேண்டாம். இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுக்களின் பெயர்களைத் திரையில் உள்ள ஆங்கில ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

## அறிகுறி: திரையில் படம் மட்டும் இருக்கிறது, ஒரு ஐகான்கூட இல்லை

டாஸ்க்பார் இருக்கிறது என்றால்

காலியிடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘வியூ’வில் ‘ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள். இதற்காகவே பல்லடத்திலிருந்து ஆள் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 10 ஆக இருந்தால், வலது கீழ்மூலை அறிவிப்புப் பகுதியில் ‘டேப்லெட் மோடு’ தவறுதலாக இயங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவும். அந்த நிலையில் டெஸ்க்டாப் ஐகான்கள் மறைந்துகொள்ளும்.

‘திஸ் பிசி’, ‘ரீசைக்கிள் பின்’ போன்றவை மட்டும் இல்லையென்றால்: செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், தீம்ஸ், அதனுள் ‘டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்’. வேண்டியவற்றில் டிக் போட்டு அப்ளை கொடுத்தால் வந்துவிடும்.

டாஸ்க்பாரும் இல்லை என்றால்

எக்ஸ்ப்ளோரர் என்னும் நிரல் நின்றுபோயிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘ரன் நியூ டாஸ்க்’ தேர்ந்து, எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். தினமும் இப்படி ஆனால், அண்மையில் நிறுவிய மென்பொருள் ஏதாவது அதை விழச் செய்கிறது. கடைசியாக நிறுவியதை முதலில் நீக்கிப் பாருங்கள்.

ஐகான்களோடு பின்னணிப் படமும் மாறி, புதுக் கணினி போலத் தெரிந்தால்

இது தற்காலிகப் பயனர் கணக்கு. உங்கள் கணக்கின் பதிவுகளைப் படிக்க முடியாமல் விண்டோஸ் ஒரு மாற்றுக் கணக்கில் உங்களை உட்கார வைத்திருக்கிறது. சி டிரைவில் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டர் அப்படியே இருக்கும், பக்கத்தில் ‘டெம்ப்’ என்று ஒன்று புதிதாக முளைத்திருக்கும். இந்த நிலையில் எந்த வேலையும் செய்யாதீர்கள். டெஸ்க்டாப்பில் சேமித்தது வெளியேறியதும் அழிந்துவிடும். ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகும். ஆகவில்லை என்றால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கணக்குப் பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தோடு ஒட்டிய அலுவலகங்களில் இது அடிக்கடி வருகிறது. மோட்டார் எடுக்கும்போது மின்னழுத்தம் இறங்கி, கணினி பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. யுபிஎஸ் இருக்கும். ஆனால் அதன் பேட்டரி செத்துப்போயிருப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பேட்டரியை மாற்றாமல் கணக்கை மட்டும் சரிசெய்வது வீண்வேலை.

ஒன்டிரைவைத் துண்டித்த பிறகு காணாமல் போயிருந்தால்

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் தன் பேக்கப் வசதியால் டெஸ்க்டாப் ஃபோல்டரையே தன் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்தியதும் பழைய இடம் காலியாகத் தெரியும். உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ‘ஒன்டிரைவ்’, அதற்குள் ‘டெஸ்க்டாப்’ என்று திறந்தால் பெரும்பாலும் எல்லாம் இருக்கும். வெட்டி எடுத்துப் பழைய இடத்தில் ஒட்டிவிடலாம்.

## அறிகுறி: ஐகான் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிகிறது

ஒன்று மட்டும்

ஷார்ட்கட்டாக, அதாவது வேறிடத்தில் உள்ள கோப்பைத் திறக்கும் குறுக்குவழி ஐகானாக இருந்தால் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். மூலக் கோப்பு இடம் மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மண்டி அலுவலகங்களில் வழக்கமான காரணம் வேறு: மென்பொருள் முதலாளி அறையில் உள்ள கணினியில் இருக்கும், மற்ற கணினிகளில் ஷார்ட்கட் மட்டும். காலையில் முதலாளி வருவதற்குள் இவர்கள் கணினியைப் போட்டுவிட்டால் ஐகான் வெள்ளையாகத்தான் இருக்கும். முதலில் மையக் கணினி, பிறகு மற்றவை.

நீங்களே மாற்றிய ஐகான் என்றால், படக் கோப்பு எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தோ டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தோ தேர்ந்திருந்தால், பென் டிரைவைக் கழற்றியதும் அல்லது டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்ததும் படம் போய்விடும். விண்டோஸ் படத்தை ஷார்ட்கட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. சி டிரைவில் ஐகான்களுக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு, அங்கே வைத்துவிட்டு மறுபடி தேர்ந்தெடுங்கள்.

ஒரேயடியாகப் பல

படச் சேமிப்பு கெட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்து படம் எடுக்காமல் இருக்க, விண்டோஸ் எல்லா ஐகான்களையும் ஒரு சேமிப்புக் கோப்பில் வைத்திருக்கிறது. அது பழுதானால் படங்கள் மாறிப்போகும், அல்லது வெளுத்துப்போகும். முதலில் டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ மீது ரைட் கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துப் பாருங்கள். போதாவிட்டால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு, உங்கள் பயனர் ஃபோல்டரில் ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘எக்ஸ்ப்ளோரர்’ என்று உள்ளே போங்கள். ‘ஐகான்கேஷ்’ என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். சிலவற்றைப் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுக்கும். அவற்றை ‘ஸ்கிப்’ செய்துவிட்டுக் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் சேமிப்பைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். இவை வெறும் படங்கள்தான், அழிப்பதால் வேலைக் கோப்புகளுக்கு எந்தச் சேதமும் இல்லை.

வெள்ளையாக வந்து, பிறகு ஒவ்வொன்றாக மெதுவாக நிறம் பெற்றால்

இதை அலட்சியம் செய்யாதீர்கள். படச் சேமிப்பை அழித்த பின்பும் தொடர்ந்தால், ஹார்ட் டிஸ்க் தளர்ந்துவருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்றால் சரி. மஞ்சளில் ‘காஷன்’ என்றால் அன்றைக்கே எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். சிவப்பில் ‘பேட்’ என்றால், அல்லது டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், கணினியை அணைத்துவிட்டுத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை போட்டுப் பார்ப்பதும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். பழைய சுழலும் டிஸ்கை எஸ்எஸ்டியாக மாற்றுவது இந்தக் கட்டுரையிலேயே உருப்படியான செலவு என்பேன்.

## அறிகுறி: புது ஐகானைக் கொடுத்தால் ஏற்கவில்லை, அல்லது தங்கவில்லை

‘இந்தக் கோப்பில் ஐகான் இல்லை’ என்கிறது

பிஎன்ஜி படத்தின் பெயரை, ஐகானுக்கான வடிவமான ஐசிஓ என்று மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். பெயரை மாற்றினால் உள்ளிருப்பது மாறாது. பெயிண்ட் நிரலில் சேமித்தாலும் ஐசிஓ கிடைக்காது. ஜிம்ப் போன்ற படத்தொகுப்பு மென்பொருளில் திறந்து ஐசிஓ வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது 16, 32, 48, 256 ஆகிய அளவுகள் ஒரே கோப்புக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சிறிய அளவு மட்டும் இருந்தால், ஐகானைப் பெரிதாக்கும்போது கலங்கித் தெரியும்.

மாற்றும் பொத்தானே இல்லை

தனியொரு எக்செல் கோப்புக்கோ பிடிஎஃப் கோப்புக்கோ தனி ஐகான் வைக்க விண்டோஸில் வழியில்லை. அதற்கு ஒரு ஷார்ட்கட் உருவாக்கி, அந்த ஷார்ட்கட்டின் ‘பிராப்பர்ட்டீஸ்’ வழியாக ‘சேஞ்ச் ஐகான்’ கொடுக்கலாம். ஃபோல்டருக்கு ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘கஸ்டமைஸ்’, ‘சேஞ்ச் ஐகான்’.

பெர்சனலைசேஷன் பக்கம் முழுவதும் சாம்பலாக இருக்கிறது

விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை. உரிமம் வாங்குவதைத் தவிர நேர்வழி இல்லை. ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லி பென் டிரைவில் சுற்றிவரும் திருட்டு நிரல்கள் இந்தக் கட்டுரையின் கடைசி அறிகுறிக்குக் குறுக்குவழி.

ஃபோல்டரின் நிறம் வேறு கணினியில் தெரியவில்லை

பனியன் கம்பெனிகளில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மெர்ச்சன்டைசர் கணினியில் பச்சையாக இருக்கும் ஃபோல்டர், பேக்கிங் பிரிவுக்குப் போனதும் வழக்கமான மஞ்சளாகிவிடும். மஞ்சள் என்றால் சாம்பிள் என்று பொருள் வைத்திருக்கும் அலுவலகத்தில் இது வெறும் அழகுக் குறையல்ல, அனுப்பிய சரக்கை அனுப்பாததாகக் காட்டும் குழப்பம்.

ஃபோல்டருக்கு ஐகான் வைத்ததும் அதனுள் ‘டெஸ்க்டாப்’ என்ற பெயரில் மறைந்த ஐஎன்ஐ கோப்பு ஒன்று உருவாகிறது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி அதில்தான் இருக்கிறது. அந்த முகவரி மெர்ச்சன்டைசர் கணினியின் முகவரி. பேக்கிங் பிரிவுக் கணினியில் அந்த இடத்தில் படம் இல்லை. எளிய வழி, எல்லாக் கணினிகளிலும் சி டிரைவில் ஒரே பெயரில் ஐகான் ஃபோல்டர் போட்டு, ஒரே படங்களை வைத்துவிடுவது. அப்புறமும் நிறம் வரவில்லை என்றால், ஃபோல்டரின் பண்புக்குறி போயிருக்கிறது. ஃபோல்டரில் ரீட்-ஒன்லி அல்லது சிஸ்டம் குறி இருந்தால்தான் விண்டோஸ் அந்த ஐஎன்ஐ கோப்பைத் திறந்தே பார்க்கும். ஜிப் செய்து அனுப்பும்போதும், சில பென் டிரைவ்கள் வழியாகப் போகும்போதும் இந்தக் குறி உதிர்ந்துவிடுவதுண்டு. சேர்ந்த இடத்தில் ‘சேஞ்ச் ஐகான்’ மறுபடி கொடுத்தால் குறியும் திரும்பிவிடும். முதல் கோரிக்கையாக நான் எப்போதும் சொல்வது: நிறத்தோடு நிலையை ஃபோல்டரின் பெயரிலும் எழுதுங்கள். பெயர் எங்கே போனாலும் கூடவே போகும்.

தீம் மாற்றியதும் பழையபடி ஆகிவிடுகிறது

‘டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்’ சாளரத்தின் அடியில் ‘அலவ் தீம்ஸ் டு சேஞ்ச் டெஸ்க்டாப் ஐகான்ஸ்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மொத்தத் தோற்றத்தையும் மாற்றும் ‘பேக்’ எதையாவது நிறுவியிருந்தால் கதை வேறு. அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகளிலேயே கைவைக்கின்றன, அடுத்த அப்டேட்டில் எல்லாம் குழம்பும். நீக்கிவிட்டு, ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ மூலம் பழைய தேதிக்குத் திரும்புங்கள். வேலைக் கணினியில் அவற்றை நான் போடுவதே இல்லை.

## அறிகுறி: ரீசைக்கிள் பின் காலியான பின்பும் நிரம்பியதாகவே தெரிகிறது

சொந்த ஐகான் வைத்தவர்களுக்கு மட்டும் வரும் சிறு தொல்லை. எஃப்5 அழுத்தினால் படம் மாறும். நிரந்தரத் தீர்வு ரெஜிஸ்ட்ரியில் படத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியும் சுழியமும் சேர்ப்பது. ஒரு குப்பைத்தொட்டிக்காக ரெஜிஸ்ட்ரிக்குள் போவதைவிட ‘ரீஸ்டோர் டிஃபால்ட்’ அழுத்திவிடுவது மேல்.

## அறிகுறி: ஐகான்கள் இடம் மாறிக் குவிந்துவிடுகின்றன

திடீரென்று எல்லாம் பெரிதாகிவிட்டதா? கன்ட்ரோல் பொத்தானைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தை உருட்டியிருப்பீர்கள். எதிர்ப்பக்கம் உருட்டுங்கள்.

எங்கே வைத்தாலும் இடப்பக்கமாக ஓடி வரிசையில் நின்றுகொண்டால் ‘வியூ’வில் ‘ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்’ டிக்கை எடுக்கவும். ‘அலைன் ஐகான்ஸ் டு கிரிட்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

பையருக்குக் காட்டுவதற்காக லேப்டாப்பை டிவியிலோ புரொஜெக்டரிலோ மாட்டிக் கழற்றிய பின், அல்லது ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து தொலைவழியில் கணினிக்குள் வந்துபோன பின் குவிந்திருந்தால், திரையின் ரெசொல்யூஷன் மாறியதுதான் காரணம். டிஸ்பிளே செட்டிங்ஸில் ‘ரெகமண்டட்’ என்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ரெசொல்யூஷன் சரியாகும், ஐகான்கள் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று உறுதியில்லை. விண்டோஸில் இடங்களைச் சேமித்துவைக்கும் பொத்தான் கிடையாது. டெஸ்க்டாப்ஓகே என்ற சிறு இலவச மென்பொருள் அதைச் செய்கிறது.

தினமும் காலையில் குலைந்திருந்தால் மானிட்டர் கம்பியை இரு முனையிலும் அழுத்திப் பாருங்கள், பிறகு கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். பஞ்சு பறக்கும் இடங்களில் கேபினட்டைத் திறந்தால் விசிறியே தெரியாத அளவுக்கு அடைத்திருக்கும். சூடு ஏறி, திரை ஒரு கணம் கறுத்து மீண்டு வரும். அணைத்துவிட்டு ஊதியால் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் திரை கறுத்தால் கிராபிக்ஸ் கார்டைச் சோதிக்க ஆள் வேண்டும்.

## அறிகுறி: ஐகான் மூலையில் புதிதாக ஒரு குறி

வளைந்த அம்பு ஷார்ட்கட் என்று சொல்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்த கேடயம், நிர்வாகி அனுமதி கேட்கும் நிரல். மேகம், பச்சை டிக் ஆகியவை ஒன்டிரைவ். எதிரெதிர் நோக்கும் இரு நீல அம்புகள், இடத்தை மிச்சப்படுத்தக் கோப்பு சுருக்கப்பட்டிருப்பதைக் காட்டும். பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்ட்’ போய் ‘கம்ப்ரெஸ்’ டிக்கை எடுத்தால் போகும்.

பூட்டுக் குறி மட்டும் கவனிக்க வேண்டியது. கோப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் மட்டுமே திறக்கும். இதைப் பார்க்காமல் விண்டோஸை ஃபார்மட் செய்தால், கோப்பைப் பிரதி எடுத்து வைத்திருந்தாலும் சாவி இல்லாமல் திறக்காது. ஃபார்மட் போட வருகிறவரிடம் இந்தக் குறியை முதலில் காட்டுங்கள்.

குறிகள் வரவேண்டிய இடத்தில் வராமல் இருப்பதும் உண்டு. விண்டோஸ் 15 குறிகளுக்கே இடம் கொடுக்கிறது. டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் இரண்டும் இருந்தால் இடத்துக்கு அடித்துக்கொள்ளும். ஒன்றை நீக்குங்கள்.

## அறிகுறி: ஐகானின் தமிழ்ப் பெயர் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது

அழைப்பிதழ் அச்சிடும் டிடிபி கடைகளில் காண்பது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர் அது. அத்தகைய எழுத்துரு ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது. ஐகானின் பெயரை விண்டோஸ் தன் சொந்த எழுத்துருவில் காட்டுவதால் போர்வை விலகிவிடுகிறது. யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகை கொண்டு மறுபடி தட்டுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ எழுத்துரு கூடவே வருகிறது, எதையும் நிறுவ வேண்டியதில்லை.

## அறிகுறி: எல்லா ஐகான்களும் ஒரே படமாகி, எதைத் தொட்டாலும் ஒரே நிரல் திறக்கிறது

பழைய விண்டோஸ் 7 கணினிகளில் அதிகம். ஷார்ட்கட்டை ‘ஓபன் வித்’ மூலம் யாரோ நோட்பேடுக்கோ வேர்டுக்கோ கட்டிவைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு உங்கள் கணக்கில் மட்டும்தான். ரெஜிஸ்ட்ரியில் உங்கள் கணக்கின் ‘ஃபைல்எக்ஸ்ட்ஸ்’ பகுதியில், ஷார்ட்கட்டைக் குறிக்கும் எல்என்கே என்பதன் கீழுள்ள ‘யூசர்சாய்ஸ்’ விசையை நீக்கினால் தீரும். நீக்கும் முன் ‘எக்ஸ்போர்ட்’ செய்து பிரதி வையுங்கள். ரெஜிஸ்ட்ரி என்றதும் கை நடுங்குகிறவர்கள் ஆளைக் கூப்பிடலாம், அவருக்கு இது சின்ன வேலை.

## அறிகுறி: பென் டிரைவில் உள்ள ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகிவிட்டன

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவ் என்றால் வைரஸ்தான். உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கும். அதைச் சொடுக்கினால் வைரஸ் ஓடும், கூடவே ஃபோல்டரும் திறக்கும். அதனால் பலருக்கு மாதக்கணக்கில் தெரிவதில்லை.

எதையும் சொடுக்காதீர்கள். முதலில் பென் டிரைவையும் கணினியையும் விண்டோஸ் டிஃபெண்டரில் முழுதாகச் சோதியுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடுங்கள். மங்கலாக உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். சிலவற்றில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் தள்ளியிருக்கும். உள்ளே போய், உங்களுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டும் கணினியில் புதிதாகப் போட்ட ஃபோல்டருக்கு நகலெடுங்கள். ஷார்ட்கட்டுகளையும் தெரியாத பெயர்களையும் விட்டுவிட்டு, பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். நல்ல பென் டிரைவைச் செருகியதும் அதுவும் இப்படி ஆனால் கணினிக்குள் வைரஸ் தங்கியிருக்கிறது. அப்போது ஆளைக் கூப்பிடும் நேரம்.

## அறிகுறி: ஐகான்கள் வெள்ளையாகி, கோப்புப் பெயர்களின் பின்னால் தெரியாத வால் ஒட்டியிருக்கிறது

ஃபோல்டர்தோறும் பணம் கேட்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பும் கிடந்தால் இது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் ரான்சம்வேர். இங்கே போனது பலகை அல்ல, சரக்கு. சுயமாகச் சரிசெய்ய முயல வேண்டாம்.

உடனே நெட்வொர்க் கம்பியை உருவி, வைஃபையை அணையுங்கள். பிரதி வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றுங்கள். அலுவலகத்தின் மற்ற கணினிகளையும் நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கணினிகள்தான் மாட்டின. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதை டாலி ஓடும் கணினியை வைத்திருப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் சொல்லுங்கள். மிரட்டல் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்து, வருகிற வல்லுநரிடம் அதையும் பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் கொடுங்கள். எந்த வகை ரான்சம்வேர் என்று அவற்றை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். 2016 முதல் இயங்கும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது. உங்கள் வகைக்கு இன்று இல்லாவிட்டாலும், பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டுக் கணினியை ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். திறவுகோல் பின்னால் வெளிவந்த வகைகளும் உண்டு.